வீடியோ கேம் உருவாக்கத் துறையில் வேலை: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதி மாணவர்களுக்குத் தேவையான திறன்கள் என்னென்ன?

பாலக்காடு: பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பது என்று மாணவர்களும் பெற்றோரும் யோசிக்கும்போது, வீடியோ கேம் உருவாக்கமும் இப்போது அந்தப் பட்டியலில் இடம்பெறுகிறது. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், மறையூர், வண்டிப்பெரியாறு, குமுளி பகுதிகளிலும் வாழும் தமிழ் மாணவர்களுக்கு இந்த முடிவு சற்றுக் கடினமானது. தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடிப்பவர்கள் மேல்நிலைக் கல்வியைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தொடர வேண்டியுள்ளது. இத்துறையின் பெரிய நிறுவனங்களோ பெங்களூரு, ஹைதராபாத், புனே போன்ற நகரங்களில் உள்ளன. தவறான பயிற்சியைத் தேர்ந்தெடுத்தால் தோட்டத் தொழிலாளர் அல்லது விவசாயக் குடும்பம் ஒன்றின் பல ஆண்டுச் சேமிப்பு வீணாகக்கூடும்.

வீடியோ கேம் உருவாக்கம் என்பது ஒரே வேலை அல்ல. பல தொழில்கள் ஒன்றுசேரும் துறை அது. எனவே, எந்தத் தொழிலுக்குத் தன்னைத் தயார்படுத்துவது என்பதையே மாணவர் முதலில் தீர்மானிக்க வேண்டும். தொடக்கத்திற்குத் தேவையான மென்பொருள்கள் பெரும்பாலும் இலவசமானவை. அவற்றுள் சில, கேரளப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்களில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பவை.

விளையாடுவது வேறு, உருவாக்குவது வேறு:

கைப்பேசியில் திறமையாக விளையாடுபவர் நல்ல கேம் உருவாக்குநராகிவிடுவார் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. விளையாட்டு அனுபவம் உதவும். ஆனால் அது மட்டும் போதாது. போட்டிகளில் விளையாடும் மின்விளையாட்டு, பணம் கட்டி ஆடும் செயலிகள், கேம் உருவாக்கம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை.

நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட் மாதம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வரையறுக்கிறது. மின்விளையாட்டுகளையும் பணம் சாராத சமூக விளையாட்டுகளையும் ஊக்குவிக்கும் அச்சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. அத்தகைய விளையாட்டுகளை வழங்குவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். ஆகவே, வேலை தேடும் இளைஞர்கள் ஒரு நிறுவனத்தில் சேருவதற்கு முன்பு, அது எவ்வகை விளையாட்டுகளைத் தயாரிக்கிறது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

ஒரு கேமுக்குப் பின்னால் இருக்கும் பணிகள்:

ஒரு வீடியோ கேமின் விதிகளையும் கட்டங்களையும் திட்டமிடுபவர் வடிவமைப்பாளர். அந்த விதிகளைக் கணினிக்குப் புரியும் வகையில் எழுதுபவர் நிரலாளர். கதாபாத்திரங்களையும் இடங்களையும் உருவாக்குபவர் ஓவியர் அல்லது முப்பரிமாணக் கலைஞர். அவற்றுக்கு அசைவு தருபவர் அனிமேட்டர். இவர்களுடன் ஒலி வடிவமைப்பாளர், கதை எழுத்தாளர், சோதனையாளர், மொழிபெயர்ப்பாளர், தயாரிப்பு மேலாளர் ஆகியோரும் பணியாற்றுகின்றனர். சிறிய குழுக்களில் ஒருவரே இரண்டு, மூன்று பணிகளைச் செய்வதும் உண்டு.

இந்தியாவில் இத்துறை வெளிநாட்டு நிறுவனங்களுக்கான பணிகள் மூலமாகவே பெருமளவு வளர்ந்தது. பெங்களூருவில் 1997ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட துருவா இன்டராக்டிவ், பன்னாட்டு கேம்களுக்கான ஓவிய, முப்பரிமாணப் பணிகளைச் செய்து பெயர் பெற்றது. அந்நிறுவனத்தை 2019ஆம் ஆண்டு ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கியது. மறுபுறம், புனேவைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறிய குழு, இந்தியத் தொன்மக் கதைகளின் பின்னணியில் 'ராஜி' என்ற கேமைச் சொந்தமாக உருவாக்கி 2020ஆம் ஆண்டு வெளியிட்டது. பெரிய நிறுவனத்தில் ஒரு பணியில் ஆழ்ந்த தேர்ச்சி தேவை. சிறிய குழுவில் பல பணிகளைச் சமாளிக்கும் திறன் தேவை.

நிரலாளருக்கு வேண்டிய கணிதமும் நிரல்மொழியும்:

பள்ளிக் கணிதம் இத்துறையில் அன்றாடம் பயன்படுகிறது. எதிரி, விளையாடுபவரிடமிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பதைக் கணக்கிடப் பிதாகரஸ் தேற்றம் போதும். பந்து வளைந்து சென்று விழுவதற்கு முக்கோணவியலும் இயற்பியலின் ஈர்ப்பு விதியும் வேண்டும். முப்பரிமாண உலகில் கேமராவைத் திருப்புவதற்குத் திசையன், அணி ஆகியவை தேவை. இவற்றில் பலவற்றை மாணவர்கள் 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையிலேயே படித்துவிடுகின்றனர்.

கேம் நிரல் விரைவாகவும் இயங்க வேண்டும். திரையில் ஒரு நொடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமெனில், ஒவ்வொரு படத்தையும் தயாரிக்கக் கணினிக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி நொடி மட்டுமே. அதற்குள் அசைவு, மோதல், ஒளி, ஒலி அனைத்தையும் கணக்கிட்டு முடிக்க வேண்டும். விலை குறைந்த கைப்பேசியிலும் தடங்கலின்றி இயங்கும் நிரலை எழுதத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம்.

இன்று பெரும்பாலான கேம்கள் 'கேம் என்ஜின்' எனப்படும் அடிப்படை மென்பொருளின் துணையுடன் உருவாக்கப்படுகின்றன. யூனிட்டி என்ஜினில் சி ஷார்ப் மொழியும், அன்ரியல் என்ஜினில் சி பிளஸ் பிளஸ் மொழியும் பயன்படுகின்றன. கோடோ என்ற என்ஜின் முற்றிலும் இலவசமானது. அதன் மூல நிரலும் வெளிப்படையானது. பைத்தானை ஒத்த எளிய நிரல்மொழியைக் கொண்ட கோடோ, சாதாரண மடிக்கணினியிலும் இயங்கும். ஆண்ட்ராய்டு சாதனங்களுக்கான பதிப்பும் அதற்கு உண்டு. வீட்டில் கணினி இல்லாத மாணவர்களுக்கு இது பயனுள்ள தகவலாகும்.

தொடக்கத்தில் எந்த என்ஜினைக் கற்பது என்ற விவாதத்தில் காலம் கழிக்கத் தேவையில்லை. மாறிகள், நிபந்தனைகள், சுழற்சிகள், செயற்கூறுகள் ஆகிய அடிப்படைகளில் தெளிவு பெற்றவர், ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது எளிது. குழுவாகப் பணியாற்றும்போது நிரலின் பதிப்புகளைப் பாதுகாக்க உதவும் 'கிட்' என்ற கருவியையும் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

வடிவமைப்புத் திறனுக்கு ஆடுபுலி ஆட்டமே பாடம்:

கேம் வடிவமைப்பைக் கற்கக் கணினிகூட வேண்டியதில்லை. திண்ணையில் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் உண்டு. புலி தாண்டி ஆட்டைக் கொல்லும். ஆடுகள் சூழ்ந்து நின்று புலியை நகரவிடாமல் அடைக்கும். இரு தரப்பின் பலமும் விதிகளும் வெவ்வேறாக இருந்தும் ஆட்டம் ஒருதலைப்பட்சமாக முடிவதில்லை. ஆடுகளை 12 ஆகக் குறைத்தால் என்ன ஆகும்? புலிக்கு ஒரே நகர்வில் இரண்டு ஆடுகளைத் தாண்டும் உரிமை கொடுத்தால் என்ன ஆகும்? விதிகளை இவ்வாறு மாற்றி, நண்பர்களை ஆடச் செய்து, முடிவுகளைக் குறித்து வைப்பதே வடிவமைப்பாளரின் அடிப்படைப் பயிற்சி. துறையில் இதனைச் சமநிலைப்படுத்துதல் என்று குறிப்பிடுகின்றனர்.

வடிவமைப்பாளருக்குத் தெளிவாக எழுதும் திறனும் அவசியம். கேமின் நோக்கம், விதிகள், வெற்றி தோல்வி நிபந்தனைகள் ஆகியவற்றை ஓவியரும் நிரலாளரும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளும்படி அவர் ஆவணமாக்க வேண்டும்.

ஓவியம், அசைவு, ஒலி:

முப்பரிமாணக் கலைக்கு பிளெண்டர் என்ற மென்பொருளும், ஓவியத்திற்கு கிரிட்டா, கிம்ப் ஆகியவையும், ஒலிப்பதிவைத் திருத்த ஆடாசிட்டியும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால், மென்பொருளின் பொத்தான்களைக் கற்பது மட்டுமே கலைத்திறன் ஆகாது. மனித உடலின் அமைப்பு, ஒளியும் நிழலும், வண்ணச் சேர்க்கை, தொலைவுக் காட்சி ஆகியவற்றைப் பென்சிலும் தாளும் கொண்டு பழகியவரே மென்பொருளிலும் சிறக்கிறார்.

இதற்கான எடுத்துக்காட்டு பாலக்காட்டிலேயே உள்ளது. இம்மாவட்டத்தின் பகவதி கோயில்களில் கம்பராமாயணத்தை அடிப்படையாகக் கொண்டு நிகழ்த்தப்படும் தோல்பாவைக்கூத்தில், தோலில் வெட்டிய பாவையின் கை மூட்டில் இணைக்கப்பட்டுக் குச்சியால் அசைக்கப்படுகிறது. கதாபாத்திரத்தைத் தனித்தனித் துண்டுகளாக வரைந்து, மூட்டுகளில் இணைத்து, எலும்புக்கூடு போன்ற சட்டகத்தால் அசைக்கும் இன்றைய இருபரிமாண அனிமேஷனும் இதே தத்துவத்தில் இயங்குகிறது. மறையூரின் சந்தனக் காடுகளும் முனியறைகளும், மூணாற்றின் தேயிலைச் சரிவுகளும், சித்தூரின் பனைமரங்களும் வேறு எந்த ஊர் மாணவருக்கும் எளிதில் வாய்க்காத காட்சிக் களங்கள். அவற்றை நேரில் கண்டு வரைந்த படங்கள், இணையத்தில் பார்த்து நகலெடுத்த படங்களைவிட ஒரு மாணவரின் படைப்புத் தொகுப்பிற்கு வலுச் சேர்க்கும்.

சோதனைப் பணியில் தேவைப்படும் நுட்பம்:

கேம் சோதனையாளர் என்றால் நாள் முழுவதும் விளையாடுபவர் என்று கருதுவது தவறு. ஒரே சுவரில் நூறு முறை மோதிப் பார்ப்பதும், விளையாட்டின் நடுவே அழைப்பு வந்தால் என்ன நேர்கிறது என்று கவனிப்பதும் இப்பணியின் பகுதி. ஒரு பிழையைக் கண்டால், எந்தச் சாதனத்தில், எந்தப் படிகளுக்குப் பிறகு, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று வரிசையாக எழுத வேண்டும். பொறுமையும் எளிய ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதும் பழக்கமும் இதற்குப் போதுமானவை. பலருக்குத் துறையின் நுழைவாயிலாக அமைவது இப்பணியே.

தமிழும் ஒரு தொழில்திறனே:

தமிழ்வழிக் கல்வி இத்துறைக்குத் தடை என்ற அச்சத்திற்கு 'வெண்பா' என்ற கேம் நல்ல பதிலாக அமைந்துள்ளது. கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் குழு 2023 ஜூலையில் வெளியிட்ட இந்த கேம், 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சமையல் வழியாகச் சொல்கிறது. இட்லி அவிப்பது போன்ற அன்றாட வேலைகளே இதில் புதிர்களாக மாறியுள்ளன. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டில் விடுபட்டவற்றை விளையாடுபவரே ஊகித்துச் சமைக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு பாஃப்டா கேம் விருதுகளில் சிறந்த அறிமுக கேமுக்கான விருதை இது வென்றது. தமிழ் வீட்டுச் சமையலறையை நன்கு அறிந்திருப்பதும் உலகச் சந்தையில் மதிப்புடையது என்பதை இவ்வெற்றி உணர்த்துகிறது.

மொழிபெயர்ப்பிலும் வாய்ப்புகள் உண்டு. கேமின் வாசகங்களை உள்ளூர்மயமாக்கும்போது, சிறிய பொத்தானுக்குள் அடங்கும் தமிழ்ச் சொல்லைத் தேர்வதும், விளையாடுபவரை 'நீ' என்று அழைப்பதா 'நீங்கள்' என்று அழைப்பதா என்று முடிவு செய்வதும் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு. எழுத்துக் கோவையிலும் சிக்கல்கள் உள்ளன. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு மெய்க்கு முன்னும், கால் அதற்குப் பின்னும் வர வேண்டும். சில என்ஜின்களின் பழைய எழுத்துக் கருவிகள் இந்த வரிசையை மாற்றிச் சிதைத்துக் காட்டின. இத்தகைய கூட்டெழுத்துகளைச் சரியாகக் காட்டும் வசதி கோடோவின் 4ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. தமிழும் மலையாளமும் படிக்கத் தெரிந்த எல்லைப் பகுதி மாணவரால் இரு மொழிகளிலும் இத்தகைய பிழைகளைப் பார்த்தவுடனே கண்டுபிடிக்க முடியும்.

அதே வேளையில், ஆங்கிலத்தைத் தவிர்க்க இயலாது. என்ஜின்களின் பயன்பாட்டுக் குறிப்புகளும் பணியிட உரையாடல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தொழில்நுட்பக் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கேனும் ஆங்கில வாசிப்பை வளர்த்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் ஒரு பக்கம் படிப்பது இதற்கு நல்ல தொடக்கம்.

பள்ளியிலேயே தொடங்கும் வழி:

கேரள அரசின் கைட் நிறுவனம், கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பக் கல்வியை நடத்தி வருகிறது. ஸ்கிராட்ச், பைத்தான், கிம்ப் போன்றவை மாணவர்களுக்கு அறிமுகமாவது இதன் வழியாகவே. 2018 ஜனவரியில் தொடங்கப்பட்ட லிட்டில் கைட்ஸ் திட்டம், 2,000-க்கும் மேற்பட்ட அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளிகளில் செயல்படுகிறது. 8ஆம் வகுப்பு மாணவர்கள் தகுதித் தேர்வு எழுதி இதில் சேரலாம். அனிமேஷன், நிரலாக்கம், ரோபாட்டிக்ஸ் உள்ளிட்டவற்றில் இத்திட்டத்தின் கீழ் பயிற்சி அளிக்கப்படுகிறது.

மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியலைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு சி பிளஸ் பிளஸ் மொழி கற்பிக்கப்படுகிறது. அன்ரியல் என்ஜினுக்கு அடிப்படையான மொழியும் இதுவே. எனவே, பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யாமல், அதே மொழியில் எண்ணைக் கண்டுபிடிக்கும் சிறு விளையாட்டையாவது எழுதிப் பார்ப்பது பயனளிக்கும்.

மேற்படிப்புக்கான வாய்ப்புகள்:

நிரலாளராக விரும்புவோருக்குக் கணினி அறிவியல் பட்டம் உறுதியான அடித்தளமாகும். பாலக்காட்டில் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐஐடி, அகத்தேத்தரையில் உள்ள என்எஸ்எஸ் பொறியியல் கல்லூரி, ஸ்ரீகிருஷ்ணபுரம் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவை மாவட்டத்திற்குள்ளேயே உள்ளன. இடுக்கியில் பைனாவு அரசு பொறியியல் கல்லூரியும் மூணாறு பொறியியல் கல்லூரியும் உள்ளன. ஜேஇஇ முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். எனினும், ஐஐடி சேர்க்கைக்கான அடுத்த கட்டத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடைபெறுகிறது.

கேம் வடிவமைப்பில் உயர்கல்வி பெற விரும்புவோருக்கு, தேசிய வடிவமைப்பு நிறுவனம் அதன் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பை வழங்குகிறது. அனிமேஷன், காட்சி விளைவுகள், கேமிங், காமிக்ஸ் துறைகளுக்கான தேசிய உயர்திறன் மையத்தை மும்பையில் அமைக்க மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. கேரள அரசும் இத்துறைகளுக்கெனத் தனிக் கொள்கை வகுத்துள்ளது.

வேலைச் சந்தையின் நிலவரம்:

இத்துறையின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும் விளம்பரங்கள், அதன் நிச்சயமின்மையைக் குறிப்பிடுவதில்லை. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தனது கேமிங் பிரிவில் 1,900 பேரைப் பணிநீக்கம் செய்வதாக அறிவித்தது. அதே மாதம் யூனிட்டி நிறுவனம் சுமார் 1,800 பேரைக் குறைப்பதாகத் தெரிவித்தது. அடுத்த மாதம் சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவும் சுமார் 900 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அனுபவம் மிக்கவர்களும் வேலை தேடும் சந்தையில் புதியவர்களுக்குப் போட்டி கடுமையாகவே இருக்கும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் தொடக்க நிலைப் பணிகளின் தன்மையை மாற்றி வருகின்றன. ஸ்டீம் விற்பனைத் தளம், கேமில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய உள்ளடக்கம் இருந்தால் அதனை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்ற விதியை 2024 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. கருவி எழுதித் தந்த நிரலில் பிழை எங்குள்ளது என்று கண்டறியும் அளவுக்கு அடிப்படை அறிவு உள்ளவரே இத்தகைய கருவிகளால் பயன்பெற முடியும்.

இந்தச் சூழலில் வேறு துறைக்கும் பொருந்தும் திறன்களைக் கற்பது பாதுகாப்பானது. நிரலாக்கம் தெரிந்தவர் பொது மென்பொருள் துறைக்குச் செல்லலாம். முப்பரிமாணக் கலைஞருக்குத் திரைப்படம், விளம்பரம், கட்டட வடிவமைப்பு ஆகியவற்றில் வாய்ப்புண்டு. ஒரு குறிப்பிட்ட மென்பொருளை இயக்க மட்டுமே கற்ற ஆறு மாதச் சான்றிதழால் இத்தகைய மாற்றுவழி கிடைப்பது அரிது.

கட்டணம் செலுத்துவதற்கு முன் கேட்க வேண்டியவை:

தனியார் பயிற்சி நிலையத்தில் சேர விரும்பும் மாணவரும் பெற்றோரும் சில கேள்விகளை முன்கூட்டியே கேட்பது நல்லது. அங்கு பயின்றவர்கள் வெளியிட்ட கேம்கள் எவை? அவற்றைப் பதிவிறக்கி விளையாடிப் பார்க்க முடியுமா? பயிற்றுநர்களின் பெயர் எந்த கேமின் பங்களிப்பாளர் பட்டியலில் உள்ளது? சான்றிதழை வழங்குவது பல்கலைக்கழகமா, அரசு அங்கீகாரம் பெற்ற அமைப்பா, அல்லது அந்நிலையமேதானா? இடையில் விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? 'வேலை உறுதி' என்ற வாக்குறுதி எழுத்துப்பூர்வமாக உள்ளதா? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் முன்பணம் செலுத்துவதைத் தவிர்க்கலாம்.

முதல் ஓராண்டில் செய்ய வேண்டியவை:

வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் முதலில் பார்ப்பது விண்ணப்பதாரரின் படைப்புத் தொகுப்பைத்தான். பாதியில் நிற்கும் பெரிய திட்டத்தைவிட, முடிக்கப்பட்ட மூன்று சிறிய கேம்கள் அதில் கூடுதல் மதிப்புப் பெறும். முதல் மூன்று மாதங்களில் ஸ்கிராட்ச் அல்லது கோடோவில் ஒரே திரையில் இயங்கும் கேம் ஒன்றை முடிக்கலாம். அடுத்த மூன்று மாதங்களில், ஆடுபுலி ஆட்டம் போன்ற அறிந்த விளையாட்டு ஒன்றைக் கைப்பேசிக்கு ஏற்ப மாற்றலாம். பிறகு, வரையத் தெரிந்த ஒருவரையும் ஒலியமைக்கத் தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டு மூன்றாவது கேமைக் குழுவாக உருவாக்கலாம். 2009 முதல் ஆண்டுதோறும் ஜனவரி மாத இறுதியையொட்டி நடைபெறும் குளோபல் கேம் ஜாம் நிகழ்வு, குறுகிய காலத்திற்குள் ஒரு கேமை முடித்துப் பழக நல்ல வாய்ப்பாகும்.

முடித்த கேம்களை இட்ச் தளத்தில் கட்டணமின்றி வெளியிடலாம். கூகுள் பிளே தளத்தில் வெளியிட ஒருமுறைப் பதிவுக் கட்டணமாக 25 டாலரும், ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் 100 டாலரும் செலுத்த வேண்டும். எனவே, தொடக்க நிலையில் இட்ச் தளமே போதுமானது. விளையாடியவர்கள் சுட்டிக்காட்டும் குறைகளைத் திருத்தி, அதே கேமின் அடுத்த பதிப்பை வெளியிடுவதும் தொகுப்பின் மதிப்பை உயர்த்தும். ஓராண்டு இவ்வாறு முயன்ற பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால், எந்தப் பணி தனக்குப் பொருந்துகிறது என்பதை அறிந்து அதற்குரிய உயர்கல்வியை மாணவர் தேர்ந்தெடுக்கலாம். ஆர்வம் குறைந்தாலும் கற்ற நிரலாக்கமும் ஓவியமும் பிற துறைகளில் கைகொடுக்கும். பெரும் தொகையைக் கட்டணமாகச் செலுத்தும் முன்பே இந்தத் தெளிவைப் பெறுவது மாணவருக்கும் குடும்பத்திற்கும் பாதுகாப்பான வழியாகும்.